சட்டிக்குள் விட்ட மூச்சு

அந்த அக்கா ஒரு சட்டியைக் கையில் எடுத்தால் முதலில் அதற்குள் முகத்தைக் கவிழ்த்து மூச்சு விடுவார். விட்ட கையோடு சட்டியின் வாயை உள்ளங்கையால் மூடுவார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்துவிட்டு மறுபடியும் முகத்தைக் கொண்டுபோவார். தாம் விட்ட மூச்சு குளிர்ந்து திரும்பி வந்தால் அந்தச் சட்டி நாற்றுப் போட ஆகும். விட்டபடியே வெதுவெதுப்பாக வந்தால் ஆகாது. மூச்சே திரும்பி வராத சட்டியும் உண்டு என்பார். அப்படி ஒன்று அகப்பட்டால் அதைக் கொல்லையில் வைக்க மாட்டார். அன்றைக்கே ஊருணிக் கரைக்குக் கொண்டுபோய் உடைத்துவிட்டு வருவார்.

முதன்முதலில் நான் அதைப் பார்த்தபோது மிரண்டுபோனேன். கண்மாய் வண்டல் ஏற்றிக்கொண்டு அவர் கொல்லைக்குள் வண்டியை விட்டிருந்தேன். ஆள் அரவமே இல்லை. கிணற்றடிப் புங்க மரத்தின் கீழே தலையில்லாத ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. மாடுகளும் நின்றுவிட்டன. பக்கத்தில் போன பிறகுதான் தலை ஒரு பானைக்குள் இருக்கிறது என்பது விளங்கியது.

“மரத்தடில வேணாம் தம்பி, இங்கிட்டுக் கொட்டுங்க,” என்று பானைக்குள்ளிருந்தே குரல் வந்தது.

எங்கள் ஊர் கொடும்பாளூர் போகிற பாதையில் இருக்கிறது. செம்மண்ணும் சரளைக்கல்லுமான மேட்டுப் பூமி. புதுக்கோட்டை சமஸ்தானம் ஜில்லாவோடு சேர்ந்த சமயத்தில்தான் நான் சொந்தமாக வண்டியும் மாடும் வாங்கினேன். அந்த அக்காவுக்கு மண் ஓட்டிக் கொடுப்பதும், சந்தை நாளில் அவருடைய நாற்றுகளை ஏற்றிப் போவதும் என் வேலை. எங்கள் வீட்டுக்கும் அவருடைய கொல்லைக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி மட்டும்தான். எனக்கு நாலு பேரோடு பேச வராது. அவர் நாலு பேரோடு பேச விரும்ப மாட்டார். அதனால் ஒத்துப்போனது.

சட்டி விஷயத்தில் மட்டும் அவர் பேசுவார். கத்தரிக்கும் மிளகாய்க்கும் வாய் அகன்ற பழைய குழம்புச் சட்டி. பப்பாளிக்கு ஆழமான கலயம். பூசணிக்கும் சுரைக்கும் பனையோலைக் கொட்டான்தான். கொட்டானோடு குழிக்குள் இறக்கிவிடலாம், இடம் மாறியது வேருக்கே தெரியாது. புதுச் சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தள்ளிவிடுவார். “அது தாகத்தோட இருக்கு. நாத்துக்கு ஊத்துற தண்ணிய அது குடிச்சிரும். நாலு வருசம் ஒங்க வீட்டுல சோறாக்கிட்டு அப்பறம் குடுங்க.”

ஒரு தடவை என் மனைவி சீமெண்ணெய் டின்னை வெட்டி அதில் மிளகாய் விதை போட்டிருந்தாள். வேலிக்கு மேலே அந்த அக்காவின் முகம் தெரிந்தது.

“தாயி, மத்தியான வெயிலுக்கு அந்தத் தகரத்துல ஒன் கைய வச்சுக் காட்டு பாப்போம்.”

“நாத்து என்ன பச்சப்புள்ளையாக்கா?” என்றாள் இவள்.

“அதுக்கு அழத் தெரியாது. வேற என்ன வித்தியாசம்?”

மறுநாள் டின் காலியாகக் கிடந்தது. முளைத்தும் முளைக்காமலும் இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார். என் மனைவிக்கு ஆத்திரம். “போங்க, போயி அந்தம்மாவுக்கு மண்ணு அள்ளுங்க. ஒங்க மூச்சையும் ஒரு சட்டில புடிச்சு மூடி வச்சிருக்கும். இல்லாட்டி, கூப்புட்ட ஒடனே இப்பிடி ஓடுவீங்களா?” என்றாள். ஆனால் அந்த மிளகாய் நாற்று வளர்ந்து வேலிக்கு இந்தப் பக்கம் வந்தபோது, அதைப் போல ஒரு நாற்றை அதுவரை எங்கள் தெருவில் யாரும் கண்டதில்லை.

அந்த வீட்டில் இன்னொரு உயிரும் இருந்தது. அந்த அக்காவின் மாமனார். புருஷன் வெகுகாலம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. வீடு, கொல்லை, கிணறு எல்லாம் பெரியவர் பேரில் இருந்தன. பெரியவர் கண்ணை மூடினால் அத்தனையும் அவருடைய தம்பி மகன் கைக்குப் போய்விடும் என்பதும், அந்த அக்காவுக்கு அதன் பிறகு நிற்க நிழல் கிடையாது என்பதும் ஊரறிந்த சங்கதி. தம்பி மகன் அடிக்கடி வேலியோரம் வந்து நிற்பான்.

“பெரியப்பாவுக்கு எப்பிடி இருக்கு மதினி?”

“நல்லாயிருக்காரு கொழுந்தனாரே.”

அவன் முகம் தொங்கிப்போகும்.

பெரியவர் ஒரு காலத்தில் கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைத்தவர். அவர் நிலைப்படியில் குனிந்து நுழைந்ததை நானே பார்த்திருக்கிறேன். வயதாக ஆக ஆள் குறுகிக்கொண்டே வந்தார். படுத்தால் கட்டிலில் பாதி காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்த அக்கா ஆசாரியைக் கூட்டிவந்து கட்டிலைக் குறைக்கச் சொன்னார்.

“ஏம்மா, பெரியவருக்குக் கட்டில் செய்யவா, தொட்டில் செய்யவா?” என்று சிரித்தார் ஆசாரி.

“ஆளுக்குத் தக்கன செய்ங்க. கையகலம் மீந்தாலும் எனக்கு ஆகாது.”

ஆசாரி போன பிறகு அக்கா என்னிடம் சொன்னார்: “சின்ன நாத்தக் கொண்டுபோயிப் பெரிய தொட்டில வச்சா என்ன ஆகும் தம்பி? வேரு எட்டாத எடத்துல தண்ணி தேங்கும். தேங்குன தண்ணி புளிச்சு வேர அழுக வச்சிரும். மனுசனும் அப்பிடித்தான். எடம் மீந்துச்சுன்னா உசுரு அதுல ஓடிப்போயிரும்.”

நாற்றைப் பற்றி அவர் சொன்னது எதுவும் பொய்த்ததில்லை. அதனால் ஆசாரி அறுத்துப் போட்ட துண்டுக் கட்டைகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

குறைத்த கட்டிலும் பிறகு பெரிதாகிப் போனது. சாணி மெழுகிய நெல் கூடை ஒன்றில் பழந்துணி பரப்பி, பெரியவரை முழங்கால் மடக்கி உட்காரவைத்தார். விளிம்புக்கு மேலே தலை மட்டும் தெரியும். காலையில் இளவெயிலுக்குக் கூடையை நாற்றுச் சட்டிகளோடு வரிசையில் வைப்பார்; வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்த்துவார். கத்தரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்து, அவர் முறை வரும்போது வாயில் கஞ்சி ஊட்டிவிட்டு அடுத்த சட்டிக்குப் போவார்.

பெரியவர் தேறினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கன்னத்துச் சுருக்கம் மங்கியது. வழுக்கைத் தலையில் கறுப்பாகப் பொடிமுடி தெரிந்தது. விதை முளைத்து மேல்மண்ணைக் கீறுகிறபோது இருக்குமே, அது போல.

ஊருக்கு மேற்கே வட்டமாகக் கல் கிடக்கிற ஒரு பொட்டல் இருக்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட உள்ளே கால் வைக்க மாட்டார்கள். மழைக்கு மண் அரித்தால் அங்கே பெரிய பெரிய தாழிகளின் விளிம்பு தெரியும். முற்காலத்தில் மனிதர்களுக்குச் சாவே வராதாம். வயதாகி வயதாகி, குறுகிக் குறுகி, பூனைக்குட்டியளவு ஆன பிறகு, மிச்சமிருக்கிற உயிரோடு தாழியில் வைத்து, சோறும் தண்ணீரும் விளக்கும் கூட வைத்து மண்ணில் இறக்கிவிடுவார்களாம். எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை இது. அந்தப் பொட்டலுக்குத் துணிந்து போகிற ஒரே ஆள் அந்த அக்கா. உடைந்த தாழிகளுக்குள் கிடக்கும் கறுப்புக் கிண்ணங்களை எடுத்துவந்து கழுவி நாற்றுப் போடுவார். யாராவது முகம் சுளித்தால், “செத்தவுங்க சட்டின்னாத்தான தோசம்? இது சாகாதவுங்க சட்டி,” என்பார். அந்தக் கிண்ணத்து நாற்று எத்தனை வெயிலுக்கும் தலை சாயாது.

ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். “வண்டில வைக்கோலு போட்டுக் கொண்டு வாங்க தம்பி. தாழி ஒண்ணு வாயி ஒடையாம முழுசாக் கெடக்கு.”

எனக்குப் போக மனமில்லை. ஆனாலும் வண்டியைப் பூட்டினேன். பொட்டலில் அவர் தாழியைச் சுற்றித் தோண்டி, உள்ளே இருந்த மண்ணைக் கையாலேயே அள்ளி வெளியே போட்டார். கிண்ணங்களை என்னிடம் கொடுத்தார். அதற்கப்புறம் வேறு எதையோ எடுத்துத் துணியில் பொதிந்தார். நான் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதைப் பக்கத்திலேயே புதைத்து, மேலே கல் வைத்துக் கும்பிட்டார். பிறகு இடுப்பு வரைக்கும் தாழிக்குள் கவிழ்ந்து மூச்சு விட்டார். ஒரு சாக்கால் வாயை மூடிவிட்டுக் காத்திருந்தார். சாக்கை எடுத்து மறுபடி குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

“வந்துச்சாக்கா?” என்றேன்.

“வந்துச்சு,” என்றார். அவர் குரல் மாறியிருந்தது. “நா விட்டதுக்கு மேலயே வந்துச்சு தம்பி.”

தாழியைப் புங்க மரத்தடியில் பாதி மண்ணுக்குள் இறக்கி வைத்தோம். கோடை வரும் வரைக்கும் அது வெறுமையாகவே இருந்தது. இதில் என்ன நாற்று என்று கொல்லைக்கு நாற்று வாங்க வருகிறவர்கள் கேட்டால் காது கேளாதவர் போல இருப்பார்.

கத்திரி வெயில் தொடங்கியபோது ஒருநாள் மண்ணோடு போனேன். நெல் கூடை கவிழ்ந்து கிடந்தது. வண்டியிலிருந்து குதித்தேன்.

“பெரியவரு?”

“கூடைக்குள்ள காந்தல் தாங்கல. மாமாவ அங்கிட்டு மாத்திட்டேன்.”

தாழியின் அடியில் ஈர வண்டல் பரப்பி, அதன் மேல் பெரியவரை உட்காரவைத்திருந்தார். தோளுக்கு மேல் இடமில்லை, பக்கத்தில் இடமில்லை. அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. தலைக்கு மேலே நனைத்த சாக்கு. எட்டிப் பார்த்தேன். பெரியவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். உள்ளிருந்து என் முகத்தில் குளிர்ந்த காற்று பட்டது.

அந்தக் கோடையில் ஊரில் வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். இவர் மட்டும் இருந்தார். பெரியவர் எப்போதோ செத்துவிட்டார், மருமகள் மூடி மறைக்கிறாள் என்று தம்பி மகன் சொல்லிக்கொண்டு திரிந்தான். கடைசியில் ஒரு காலை மணியக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் நாற்று ஏற்ற அங்கே நின்றிருந்தேன்.

“பெரியப்பாவக் காட்டுங்க மதினி. ஆளு இருந்தா காட்டுறதுக்கென்ன?”

அக்கா போய்ச் சாக்கை எடுத்தார். மணியக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

“ஏம்மா, மனுசன இப்பிடியா வப்பாங்க?”

“எப்பிடி வைக்கணும்னு நீங்க சொல்லுங்கய்யா. அப்பிடி வச்சா எத்தன நாளு இருப்பாருன்னும் சேத்துச் சொல்லுங்க.”

மணியக்காரர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். தம்பி மகன் முன்னால் வந்து, “சோளக்கொல்லப் பொம்மைய உள்ள வச்சுக்கிட்டு...” என்று ஆரம்பித்தான்.

தாழிக்குள்ளிருந்து தெளிவாகக் குரல் வந்தது. “யாரு, சின்னவன் மகனா? ஏன்டா, ஒன் காரிப் பசு கன்னு போட்டுருச்சா?”

அவன் முகம் வெளிறிவிட்டது. “போட்டுருச்சு பெரியப்பா. கெடாரிக் கன்னு,” என்றான். பிறகு அவன் அங்கே நிற்கவில்லை. மணியக்காரரும், “உசுரோட இருக்கற வரைக்கும் யாரும் இங்க வந்து கேக்கக் கூடாதுப்பா,” என்று சொல்லிக்கொண்டே பின்னாலேயே போனார்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். பல் தெரிய அவர் சிரித்து நான் அன்றுதான் கண்டேன். “இனி ஒரு பய வர மாட்டான் தம்பி.”

“ஆத்தா,” என்று பெரியவர் கூப்பிட்டார்.

“என்ன மாமா, தண்ணி வேணுமா?”

“நாத்துப் போடத் தெரிஞ்சவளுக்கு நடத் தெரிய வேணாமா?”

அக்கா குனிந்தபடியே நின்றார்.

“எத்தன நாளைக்குச் சட்டிலயே வச்சிருப்ப? வேரு முட்டிக்கிட்டு நிக்கிது ஆத்தா. எடுத்து நடு.”

அதைக் கேட்டது நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா கேட்காதது போல நகர்ந்து போய் மற்ற நாற்றுகளுக்குத் தண்ணீர் தெளித்தார். எல்லாவற்றுக்கும் தெளித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தெளித்தார். கத்தரிச் சட்டிகளில் தண்ணீர் நிறைந்து விளிம்பில் வழிந்தது. அவர் கையால் ஒரு சட்டி வழிந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கிளம்பவும் தோன்றவில்லை. நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெகுநேரம் கழித்துத் தாழியருகே வந்து உட்கார்ந்தார். “நெசமாத்தான் சொல்றீங்களா மாமா?”

“காலு நீட்டணும் ஆத்தா. மண்ணுல படுக்கணும்.”

“நா எங்கிட்டுப் போவேன்?”

பெரியவர் யோசித்தார். “அது எனக்குத் தெரியல. ஒனக்கு வேணும்னா சொல்லு. நா இருக்கேன்.”

புங்க மரத்து நிழல் நகர்ந்து அக்காவின் முதுகில் வெயில் விழுந்தது. அவர் கொல்லையை ஒரு சுற்றுப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, ஒரு கை புடிங்க.”

பெரியவரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். கோரைப்புல் கட்டு போல லேசான உடம்பு. ஆனால் வரவில்லை. கீழே எங்கோ ஒரு பிடிப்பு இருந்தது. நாற்றைப் பறிக்கும்போது, வேர் மண்ணை விடுவதற்கு முன்னால் விரலுக்குத் தெரியுமே, அந்தப் பிடிப்பு. நான் பயந்துபோய்க் கையைத் தளர்த்தினேன்.

“இழுக்காதீங்க,” என்றார் அக்கா. அவர் தாழிக்குள் சாய்ந்து, பெரியவரின் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு, ஒரு கையைக் கீழே பாதம் வரைக்கும் விட்டார். உள்ளே விரல்கள் பொறுமையாக எதையோ விடுவித்துக்கொண்டிருந்தன. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். “இப்பத் தூக்குங்க.”

வந்துவிட்டார்.

கிணற்றடி ஈர மண்ணில் படுக்கவைத்தோம். மடங்கியே கிடந்த முழங்கால்களை அக்கா தடவித் தடவி நீட்டினார். நீட்ட நீட்ட அவர் நீண்டுகொண்டே போனார். நிலைப்படியில் குனிந்து நுழைகிற அந்தப் பழைய ஆள் எங்கள் முன்னால் முழு நீளத்துக்குக் கிடந்தார். வெயில் தாழ்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

குழி வெட்டப் போகிறவர்களை அக்கா வேலிப் படலுக்கு வெளியே வந்து நிறுத்தினார். “நல்லா நீளமா, அகலமா வெட்டுங்க. உசுரு இனி எம்புட்டு வேணும்னாலும் ஓடட்டும்.”

“செத்தவருக்கு எதுக்கு மதினி அம்புட்டு எடம்?” என்றான் தம்பி மகன்.

“இந்தக் கொல்லையே ஒங்களுக்குத்தான் கொழுந்தனாரே. அங்கயாவது அவருக்கு எடம் விடுங்க.”

காரியம் முடிந்ததும் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டார். மணமேல்குடியில் அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அவர் கையில் ஒரு துணி மூட்டைதான். சட்டி ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“அன்னைக்கு ஒங்க கைக்கும் தெரிஞ்சிருக்குமே தம்பி.”

தலையை ஆட்டினேன்.

“நல்லாத்தான் வேரு புடிச்சிருந்துச்சு. வச்சிருந்தா இன்னும் எத்தனையோ வருசம் இருந்திருப்பாரு.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். ஜன்னல் கம்பியைப் பிடிக்கப் போனேன். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. வெறும் வண்டியில் உட்காரப் பிடிக்காமல் மாட்டோடு நடந்தே ஊர் திரும்பினேன். முதல் மழை பெய்து பாதை ஈரமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் என் கால் மண்ணை விட்டு மேலே வர ஒரு கணம் தாமதித்தது.